பெர்மிட் யார் பேரில்?

பினாங்கின் சூலியா தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து முடிப்பதற்குள் மின்னல் வானொலியோ ராகா வானொலியோ ஒரு கடையிலாவது காதில் விழும். கேட்கும் குரல்களில் பெண் குரலுக்குக் குறைவில்லை. "வானொலியில் பேசுவது பெண்கள், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது பெண்கள், இதற்கு மேல் என்ன வேண்டுமாம் இவர்களுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்காது. ஊடகங்களின் உரிமையாளர்களிலும் ஒலிபரப்பு வேலைகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும், அந்தக் கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும் என்று பெண்ணியவாதிகள் வாய் திறந்தால், நம்மவர்களிடமிருந்து முதலில் வருவது இந்த மறுமொழிதான். இது தவறான மறுமொழி. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். பத்திரிகையும் வானொலியும் தொழில்கள். பணம் போட்டு நட்டப்படுகிறவர் முதலாளி; யாரை ஆசிரியராக வைப்பது, யாரை அறிவிப்பாளராக எடுப்பது என்பது அவர் பாடு. வேலை திறமைக்குக் கிடைக்க வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்த்து அல்ல. முதலாளி நாற்காலியில் பெண்ணை உட்கார்த்தினால் செய்தி மாறிவிடப் போவதுமில்லை. இந்நாட்டு இந்தியர் எல்லாரையும் சேர்த்தால்கூட மக்கள் தொகையில் 7 விழுக்காட்டைத் தொடவில்லை. அதற்குள் இன்னொரு கோடு கிழிப்பதா? 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஏடுகள் முதலில் பிழைக்கட்டும். அதோடு இன்று ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. பேச நினைக்கும் பெண்ணை யார் தடுக்கிறார்கள்?

இப்படிப் பேசுபவர்கள் பெண்களை வெறுப்பவர்கள் அல்லர். மகள்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள், காலையில் காசு கொடுத்துத் தமிழ் ஏடு வாங்குபவர்கள். அதனால்தான் மறுப்பு தேவைப்படுகிறது. வெறுப்பவர்களோடு வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

1. அரசு சீட்டு கொடுத்தால்தான் நடக்கும் தொழில் எப்படி முழுக்கச் சொந்தத் தொழில் ஆகும்? மலேசியாவில் கையில் காசு இருக்கிறது என்பதற்காக யாரும் நாளிதழ் தொடங்கிவிட முடியாது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். 2012இல் சட்டம் திருத்தப்படும்வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அந்தச் சீட்டின் கனத்தை மக்கள் ஓசை வாசகர்கள் நேரில் பார்த்தவர்கள். 2007 ஆகஸ்டில் ஏசுநாதர் படம் ஒன்றை வெளியிட்டதற்காக ஏடு ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. 2008 ஏப்ரலில் பெர்மிட் புதுப்பிக்கப்படாமல் மறுபடியும் நின்றது. மேல்முறையீடு செய்த பிறகே திரும்பி வந்தது. வானொலிக்கு 1998இன் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம். அலைவரிசைகள் எண்ணி முடிக்கக்கூடியவை. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்கு இல்லை. வான்அலைகள் பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் சொன்னது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயத்துக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

சரி, நிபந்தனை போடுவதே அத்துமீறல் என்கிறீர்களா? எந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறோம்? 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை முதல் "பங்கு யார் கையில்?" என்று கேட்டு, 30 விழுக்காடு என்று எண்ணும் குறித்து வைத்த நாடு இது. பெண்கள் விஷயத்திலும் கேள்வி புதிதல்ல. பொதுத்துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் 30 விழுக்காடு பெண்கள் என்பது 2004 முதல் அரசுக் கொள்கை. 2011இல் அது தனியார் நிறுவனங்களின் இயக்குநர் வாரியங்களுக்கும் இலக்காக நீட்டப்பட்டது. பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2022 செப்டம்பரில் பெரிய நிறுவனங்களுக்கும், 2023 ஜூனில் பட்டியலில் உள்ள மற்ற எல்லா நிறுவனங்களுக்கும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்று விதித்துவிட்டது. அஸ்ட்ரோவும் மீடியா பிரிமாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. நம் தமிழ் நாளிதழ்கள் பங்குச் சந்தையில் ஏறாத தனியார் நிறுவனங்கள். விதி அவற்றின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஆக, பெண்ணியவாதிகள் கேட்பது நாட்டில் இல்லாத புதுமை ஒன்றுமில்லை. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களுக்குப் பொருந்திய விதி தமிழ் ஏட்டின் மாடிப்படி ஏறினால் மட்டும் எப்படி அத்துமீறல் ஆகிறது?

2. குரலைக் காட்டி உரிமையை மறுப்பது பழைய தந்திரம். இந்தத் தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பங்களுக்கு விளக்கவே வேண்டாம்: மசாலா யார் அரைத்தாலும் கல்லாப்பெட்டிச் சாவி வைத்திருப்பவர்தான் முதலாளி. எந்தச் செய்தி முதல் பக்கம், எந்தப் புகார் அச்சேறக் கூடாது, எந்த விளம்பரதாரரைப் பகைக்கக் கூடாது, காலை நிகழ்ச்சி யாருக்கு, நள்ளிரவு நிகழ்ச்சி யாருக்கு, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் ஒலிவாங்கிக்கு முன்னால் முடிவாவதில்லை.

பிபிசி நூறாண்டுப் பெருமை பேசும் நிறுவனம். அங்கே பெண் குரலுக்குப் பஞ்சமா? ஆனால் 1,50,000 பவுண்டுக்கு மேல் வாங்குவோர் பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும் என்று அரச சாசனம் கட்டாயப்படுத்தி, 2017 ஜூலையில் அது வெளியானபோது, பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். உச்சியில் இருந்த ஏழு பேரும் ஆண்கள். அடுத்த ஜனவரியில் சீனச் செய்திகளுக்கான ஆசிரியர் கேரி கிரேசி சம்பளப் பாகுபாட்டைச் சொல்லிப் பதவி விலகினார். கட்டாயம் வரும்வரை எந்த நேயர் காதிலும் அந்த வித்தியாசம் விழவில்லை. விழவும் விழாது, சம்பளச் சீட்டு ஒலிபரப்பாவதில்லை.

தமிழிலேயே உதாரணம் வேண்டுமா? சின்மயி பாடிய பாட்டு இந்தத் தெருவில் ஒலிக்காத நாளுண்டா? 2018 அக்டோபரில் கவிஞர் வைரமுத்து மீது அவர் வெளிப்படையாகப் பாலியல் தொல்லைக் குற்றம் சாட்டினார், வைரமுத்து மறுத்தார். அடுத்த மாதமே, நடிகர் ராதாரவி தலைமையில் இருந்த பின்னணிக் குரல் கலைஞர்கள் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது ஒன்றை மட்டும்: ஊரே அறிந்த ஒரு குரலை வேலையிலிருந்து வெட்டும் கத்தரிக்கோல் இன்னொருவர் மேசையில் இருந்தது.

3. "அந்த அறையில் நம் ஆள் ஒருவர்கூடவா இல்லை?" 2025 மார்ச்சில் நம் ஆண்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது. அஸ்ட்ரோவின் மலாய் வானொலி எராவின் அறிவிப்பாளர்கள் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி வெளிவந்து, நாடே கொதித்து, தொடர்பு, பல்லூடக ஆணையம் 2,50,000 ரிங்கிட் தண்டம் விதித்த நேரம். வெளியிடும் முன் பார்த்தவர்கள் யார், "இது வேண்டாம்" என்று சொல்ல ஒருவரும் இல்லையா என்று எழுதாத தமிழ் ஏடு இல்லை, பேசாத காப்பிக் கடை இல்லை. நியாயமான கோபம். இத்தனைக்கும் அதே நிறுவனத்தில்தான் ராகா இருக்கிறது. தமிழுக்குத் தனி அறை இருந்தது. முடிவெடுத்த அறையில் தமிழர் இல்லை, அல்லது இருந்தும் அவர் சொல் ஏறவில்லை.

இந்த வாதத்தை எடுத்து, தமிழர் என்ற இடத்தில் பெண் என்று போட்டுப் பாருங்கள். மகளிர் பக்கம் இருக்கிறது. கோலமும் குழம்பும் முகப்பொலிவும் அதில் வாரந்தவறாமல் வருகின்றன. செய்தி மேசையில் யார்? பலாத்கார வழக்குக்கு "கள்ளக்காதல்" என்று தலைப்பு எழுதப்படும் இரவில், "இது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அங்கே எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? எராவைக் கேட்டபோது சமூகநீதி, தமிழ் ஏட்டைக் கேட்டால் பிரிவினை! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. பெண்ணியவாதிகளின் கோரிக்கையை நம் ஆண்கள் புரிந்துகொள்ளவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. அந்த மார்ச் மாதத்தில் அவர்களே அதைத் தெளிவாக எழுதினார்கள்.

4. திறமையை அளப்பது யார்? "திறமைக்கே வேலை" என்பவர்கள் திறமை தராசு போலத் தானே சாய்ந்து காட்டும் என்று நினைக்கிறார்கள். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்திகளை எண்ணி வருகிறது. செய்தியில் பேசப்படுவோரிலும் பேசுவோரிலும் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு, 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டே விழுக்காடு. சர்வதேச மகளிர் ஊடக அறக்கட்டளை 2011இல் ஏறத்தாழ 60 நாடுகளின் ஊடக நிறுவனங்களை ஆராய்ந்தபோது உச்ச நிர்வாகப் பதவிகளில் பெண்கள் 27 விழுக்காடு. இதழியல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் நிறைந்திருக்கும் காலத்திலும் இதுதான் நிலை என்றால், ஒன்று பெண்களுக்குப் பட்டம் வாங்கிய மறுநாள் திறமை வற்றிவிடுகிறது, அல்லது தராசில் கோளாறு. எது என்று நீங்களே சொல்லுங்கள்.

வை.மு. கோதைநாயகியைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதியதுதான் முதல் நாடகம். எந்த ஆசிரியர் குழு அவருக்கு வேலை கொடுத்திருக்கும்? 1925இல் தள்ளாடிக்கொண்டிருந்த ஜகன்மோகினி இதழை அவரே வாங்கினார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வேலை கேட்டுப் போயிருந்தால் வாசலோடு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய திறமை, உரிமை கையில் இருந்ததால் வெளியே வந்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதியில் பாலினம் சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் கர்ப்பமானதால் வேலை இழந்த மாஸ் விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தான், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல என்ற நிலையை நீதிமன்றங்கள் எடுத்தன. 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தோடு அது முடிந்தது. தமிழ் ஏடு தனியார். கணக்கு சரியாகப் போயிற்று.

5. "பெண் முதலாளியைத்தான் பார்த்தோமே!" எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல சீட்டு இது. தமிழ் நேசன் பல ஆண்டுகள் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தின் கையில் இருந்தது. அதன் உரிமையாளராக அறியப்பட்டவர் அவருடைய துணைவியார் இந்திராணி. பத்திரிகை பெண்களின் பத்திரிகை ஆகிவிட்டதா? இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அஸ்ட்ரோவைத் தொடங்கிய ஆனந்த கிருஷ்ணனும் தமிழ் வம்சாவளியினர்தான். எரா காணொளி வராமலா இருந்தது?

ஆனால் இந்தச் சீட்டு எதை வெட்டுகிறது? பெண் என்றால் நல்லவள், முதலாளி ஆனால் நியாயம் பொங்கும் என்று சொல்பவரை வெட்டுகிறது. நான் அதைச் சொல்லவில்லை. தெரிந்து பேசும் எந்தப் பெண்ணியவாதியும் சொல்வதில்லை. ஒரு கட்சித் தலைவரின் குடும்பத்துக்குள் பங்கு ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போனால் உரிமை பரவியதாகாது. பரவுவது என்றால் பல கைகள், பல ஊர்கள், பல வர்க்கங்கள். மேலே ஒருவர் மட்டும் இருந்து பயனில்லை என்பதால்தான் உரிமையையும் வேலையையும் சேர்த்தே கேட்கிறோம்.

தெலங்கானாவின் ஜகீராபாத் பக்கம், மாச்சனூர் கிராமத்தில், 2008 அக்டோபரில் சங்கம் ரேடியோ தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, மண், கூலி, மருந்து, பாட்டு என்று அவர்கள் பேசுவது அந்த வட்டாரத் தெலுங்கில். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் தொடங்கிய கபர் லஹரியாவும் தலித் பெண்களை நிருபர்களாகக் கொண்டு வளர்ந்ததுதான். சுரங்கக் கொள்ளையையும் பலாத்காரப் புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையத்தையும் அவர்கள் எழுதினார்கள். இந்த இரண்டும் தமிழ் நேசன் போல ஓர் ஆளின் பெயரில் நின்றவை அல்ல. சோதனை செய்து தோற்றுவிட்டது என்கிறீர்களே, சோதனையை நம் நாட்டில் எப்போது செய்தோம்?

6. ஏழைப் பத்திரிகையைத் தாங்கி நிற்பதே பெண்களின் இலவச உழைப்பு. தமிழ் ஏடுகளின் நலிவு பொய்யல்ல. விளம்பரம் இணையத்துக்குப் போய்விட்டது, காகித விலை ஏறிவிட்டது. இந்த வாதத்தின் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அரை நூற்றாண்டாக மலேசிய ஏடுகளின் ஞாயிறு பதிப்பைச் சிறுகதையாலும் கவிதையாலும் நிரப்பியவர்களில் தோட்டத்துப் பெண்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளும் எத்தனை பேர்! பெரும்பாலோர் சன்மானம் பாராமல் எழுதியவர்கள். கிடைத்தது பெயர் அச்சான மகிழ்ச்சி. பிழைப்புக்குப் பெண்களின் கை வேண்டும், பங்கு பேசும்போது மட்டும் காலம் சரியில்லை என்றால், காலம் எப்போதுதான் சரியாகும்? ஏடு கொழித்த நாட்களில் யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

இந்த ஊரிலேயே 1883இல் குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணி நடத்தினார். பினாங்குத் தமிழ் இதழியலுக்கு அவ்வளவு நீண்ட வயது. அந்த நீண்ட காலத்தில் லாபம் வந்த ஆண்டுகளும் இருந்திருக்கும் அல்லவா?

7. கைபேசி கொடுப்பது வாடகைக் குடியிருப்பு, சொந்த வீடு அல்ல. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண், டிக்டாக்கில் பெயர் பெற்றவர், தொடர் வசவையும் மிரட்டலையும் தாங்காமல் போலீசில் புகார் கொடுத்த மறுநாள் உயிர்விட்டார். அவரைத் தாக்கியவர்களில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. நாடே அதிர்ந்த பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. "நீயே ஒரு பக்கம் தொடங்கிக்கொள்" என்று பெண்களுக்கு வழி சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தளத்தில் எது தூக்கிவிடப்படும், எது அடக்கப்படும், தமிழ் வசவைப் படித்துப் புரிந்துகொள்ள எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்பதெல்லாம் பயனருக்குக் கேள்வி கேட்கக்கூட வாய்ப்பில்லாத ஒரு நிறுவனத்தின் முடிவுகள். உரிமைப் பிரச்சினை கைபேசியால் தீரவில்லை. பினாங்கிலிருந்து போய் இன்னும் எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

8. ஊடக உரிமையில் பெண்களுக்கு இடம் என்ற எண்ணத்தை அமெரிக்காவே கைவிட்டதாம்! அரைகுறையாகக் கேட்ட செய்தி. 2021 ஏப்ரல் 1 அன்று, கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்துக்கும் புரோமிதியஸ் ரேடியோ திட்டத்துக்கும் இடையிலான வழக்கில், உரிமை வரம்புகளைத் தளர்த்திய ஆணையத்தின் பக்கமே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நின்றார்கள். பெண்கள் கையில் நிலையங்கள் இருப்பது வீண் என்று தீர்ப்பு சொல்லவில்லை. கையிருந்த தரவு சொற்பம், அதை வைத்து ஆணையம் செய்த ஊகம் நியாயமானதே என்றது. எண்ணாமல் விட்டதே செயல்படாமல் இருக்கக் காரணமாகிவிட்டது. அங்கே உரிமையாளரின் பாலினத்தைக் கேட்டு நிரப்பச் சொல்லும் படிவமாவது உண்டு.

ஆகவே கோரிக்கை எளியது. உரிமம் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு வானொலி, தொலைக்காட்சி நிறுவனமும், நாளிதழ் பெர்மிட் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று அட்டவணைகளை ஆண்டுக்கொருமுறை வெளியிட வேண்டும்: பங்குதாரர், இயக்குநர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை; செய்தி மேசை, தயாரிப்பு, நிர்வாகம் என்று படிவாரியாக வேலையில் எத்தனை; ஒவ்வொரு படியிலும் இருபாலார் சம்பளமும் எவ்வளவு. அட்டவணையின் பெயரால் யாரையும் மூடக் கூடாது. பெர்மிட்டைக் காட்டி மிரட்டும் அரசின் கையில் இன்னொரு கழி கொடுக்க எனக்கு விருப்பமில்லை; மக்கள் ஓசைக்கு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கூட்டரசு அசையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பினாங்கு மாநிலம் 2012இலேயே பெண்கள் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக இரண்டு நகராண்மைக் கழகங்களிலும் பாலின நோக்கிலான வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம். ஜாலான் சுங்கை அடுக்குமாடிக் குடியிருப்பில் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களையே கேட்ட நிர்வாகம் அது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் தமிழ் ஏடுகளில் அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் கொடுக்கும் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்கள் பொதுப்பணம். அந்த விளம்பரம் வேண்டும் ஏடு முதலில் அட்டவணையை அச்சிடட்டும் என்று மாநில அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை, அமைச்சர் கையெழுத்தும் தேவையில்லை. அச்சிட மறுக்கும் ஏட்டின் பெர்மிட்டை யாரும் தொடப்போவதில்லை. முதலமைச்சரின் வாழ்த்துப் படம் மட்டும் அந்த ஆண்டு பக்கத்து ஏட்டில் வரும்.